தோல் விரிக்கும் குடை

மூன்று மாதங்களாக ஒரு கேள்வி என் மனத்தைவிட்டு அகலாமல் நின்றுகொண்டிருக்கிறது. அதைக் கேட்டவள் எட்டு வயதுச் சிறுமி, என் மகள் வயிற்றுப் பேத்தி. கேட்ட இடம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்து நிலைக்கண்ணாடியின் முன். கேட்ட வேளை, பள்ளிக்கூட வண்டி தெருமுனைக்கு வருவதற்குச் சில நிமிஷங்களே இருந்த ஒரு பரபரப்பான காலை. பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளை முற்பகல் முழுவதும் மைதானத்தில் நிறுத்திவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் எனக்கென்று வாங்கி வைத்திருந்த சன்ஸ்க்ரீன் குழாயைப் பிதுக்கி அவள் கன்னங்களில் தடவிக்கொண்டிருந்தேன். மாநிறத்துக்கும் ஒரு பிடி கூடுதலான கருமை அவள் நிறம்; அந்தக் கருமையின்மேல் களிம்பு சீராகப் படியாமல், அடுப்படியில் சாம்பல் சிந்தியதுபோல் ஆங்காங்கே வெளுத்து நின்றது. “நல்லாத் தேய்ச்சுக்கோ கண்ணு, வெயில்ல நின்னா கறுத்துப் போயிருவ” என்றேன். அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, “கறுத்தா என்ன ஆச்சி?” என்று கேட்டாள். அதில் குறும்பில்லை, எதிர்ப்பில்லை. மழை ஏன் பெய்கிறது, பல் ஏன் விழுகிறது என்று கேட்கும் அதே குரல்தான். என்னிடம் பதில் இல்லை. “நேரமாயிட்டு, செருப்பைப் போடு” என்று சொல்லி அவளை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினேன். வண்டி போய்விட்டது, கேள்வி போகவில்லை.

நான் உயிரியல் கற்பித்த ஆசிரியை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் தோலின் குறுக்குவெட்டை வரைந்து, மேல்தோல், அடித்தோல், நிறமிச் செல் என்று அம்புக்குறியிட்டுப் பாகங்களைக் குறித்தவள். கருமை ஒரு குறையன்று, அது தேகத்தின் பாதுகாப்பு என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் அப்படி எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அவ்வளவு இருந்தும், அவசரமான ஒரு காலை வேளையில் என் வாயிலிருந்து வந்தது நான் கற்பித்த வாக்கியம் அன்று. என் தாய் எனக்குச் சொன்னதும், அவளுக்கு அவள் தாய் சொல்லியிருக்கக்கூடியதுமான வாக்கியம். படித்து அறிந்தது நாவின் நுனியில் நிற்கிறது. கேட்டு வளர்ந்தது அடிநாக்கில் கிடக்கிறது. அவசரத்தில் முந்திக்கொண்டு வருவது அடிநாக்கில் கிடப்பதே. என் தாய் சொன்ன காலத்தில் அந்த வாக்கியத்துக்கு வெளிப்படையான ஒரு பிரயோஜனம் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறம். ‘கறுப்பு’ என்ற சொல்லை நேராகச் சொல்லக் கூசி, ‘மாநிறம்’ என்றும் ‘புதுநிறம்’ என்றும் ‘களையான முகம்’ என்றும் சமாதானமான சொற்களைத் தேடிய வீடுகள் நாம் அறியாதவை அல்ல. கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரும் எலுமிச்சையும் குளியலறைப் பிறையில் வரிசையாக நின்றது சருமத்தின் நலனுக்கு என்று சொல்லப்பட்டாலும், அந்த வரிசைக்குப் பின்னால் நின்றது சம்பந்தத்தைப் பற்றிய கவலை. வெயிலை அஞ்சியதாக நாம் எண்ணிக்கொண்டோம். உண்மையில் அஞ்சியது வெயிலுக்குப் பின்னால் நின்ற மனிதர்களை.

கறுத்தால் என்ன? கேள்வியை நான் கற்பித்த பாடத்தின் வழியாகவே அணுகிப் பார்க்கிறேன். தோலின் மேற்படலத்தின் அடியடுக்கில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. வெளுத்த மனிதனிடமும் கறுத்த மனிதனிடமும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது அவை செய்யும் மெலனின் மணிகளின் அளவும், வகையும், பரவி நிற்கும் விதமுமே. இந்தச் செல்கள் தம் கிளைகளை நீட்டி, தாம் செய்த மணிகளைச் சுற்றியுள்ள தோல் செல்களுக்கு ஈகின்றன. பெற்றுக்கொண்ட செல் அவற்றைக் கண்ட இடத்தில் வைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெளிப்புறம் நோக்கிய பக்கமாக, தொப்பி கவிழ்த்தாற்போல் குவித்து வைக்கிறது. உட்கருவில்தான் டி.என்.ஏ. இருக்கிறது, அதாவது அந்தச் செல்லின் வம்ச சாசனம். சூரியனின் கிரணம் அந்தச் சாசனத்தின் எழுத்துகளைச் சிதைக்காதிருக்கும்பொருட்டு, ஒவ்வொரு செல்லும் தன் தலைக்குமேல் ஒரு கருங்குடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கியின்கீழ் இதைக் காண்பது பிரத்தியட்சமான ஓர் அதிசயம். கோடைக்காலத்து உச்சிவேளையில் ஒரு தேர்த்திருவிழாக் கூட்டத்தை உயரத்திலிருந்து பார்த்தால் கறுப்புக் குடைகளின் பரப்பாகவே தெரியுமே, அதை ஒத்தது. வெயிலில் நின்றவர் கறுக்கிறார் என்று நாம் சொல்வது, அந்தக் குடைகள் இன்னும் அதிகமாக விரிகின்றன என்பதைத்தான். வெயில் பட்ட சில நிமிஷங்களிலேயே தோன்றும் கருமை, ஏற்கெனவே உள்ள நிறமி மாறுதலடைவதால் வருவது. இரண்டு மூன்று நாட்கள் கழித்துத் தெளிவாகத் தெரிவது, புதிதாகச் செய்யப்பட்ட நிறமி. நாம் எதைக் கண்டு பதறினோமோ அது கேடன்று. கேட்டை எதிர்த்துத் தேகம் எடுத்த நடவடிக்கை.

ஆனால் இங்கே அவசரப்பட்டுக் கருமையைக் கொண்டாடிவிடவும் என்னால் முடியவில்லை. குடை ஏன் விரிகிறது? மழை தொடங்கிவிட்டது என்பதால். சாசனத்தில் சில எழுத்துகள் சிதைந்த பிறகுதான் அந்தச் செய்தி நிறமிச் செல்லுக்குப் போய்ச் சேருகிறது. சிதைந்த எழுத்துகளில் பெரும்பாலானவற்றை உடம்பு தானே திருத்திவிடுகிறது என்றாலும், எல்லாவற்றையும் திருத்திவிடுவதில்லை. ஆகவே வெயிலில் வந்த கருமை ஓர் அவமானச் சின்னமும் அன்று, வெறும் அலங்காரமும் அன்று. உள்ளே நடந்த ஒரு சிறு போராட்டத்தின் அறிக்கை அது. அந்த அறிக்கையை வாசிக்கத் தெரியாமல், அறிக்கை எழுதியிருக்கும் காகிதத்தின் நிறத்தைக் கண்டு நாம் வருந்திக்கொண்டிருந்தோம். இதை யோசிக்கும்போது எனக்கு வேறொரு விஷயமும் ஞாபகம் வருகிறது. 1801-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில் ஜொஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற விஞ்ஞானி, முப்பட்டகக் கண்ணாடியால் பிரிந்த சூரிய ஒளியின் ஏழு நிறங்களிலும் வெள்ளிக் குளோரைடு என்ற உப்பை வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இருண்ட இடத்தில்தான் அந்த உப்பு எல்லாவற்றையும்விட விரைவாகக் கறுத்தது. புறஊதாக் கதிர் மனிதனுக்குத் தன்னை அறிவித்துக்கொண்டதே ஒரு பொருளைக் கறுக்கச் செய்துதான். கண்ணுக்குப் புலப்படாத ஒன்று கருமையின் வழியாகத்தான் புலப்பட்டது. நம் தோலிலும் அதுவே நிகழ்கிறது.

இந்தப் புலப்படாமைதான் வெயிலைப் பற்றிய நம் அறிவை ஏமாற்றுகிறது. வெயில் என்றால் நமக்குச் சூடு. அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை இளகுவது, கைப்பிடிக் கம்பி சுடுவது, நா வறள்வது. சூட்டைத் தருவது வேறு கிரணம். தோலின் சாசனத்தைத் தொடுகிற கிரணம் சுடுவதே இல்லை. சில ஆண்டுகளுக்குமுன் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மேட்டுப்பக்கம் பகல் முழுவதும் நடந்தோம். மெல்லிய மேகம் முகத்தைத் தொட்டுத் தொட்டு விலகிற்று, சால்வையைப் போர்த்துக்கொண்டோம், வெயில் என்ற நினைவே எங்களுக்கு இல்லை. இரவு விடுதியில் முகம் கழுவியபோது கன்னத்து எலும்பின்மேல் தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து சதவிகிதம் கூடுகிறது; கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மெல்லிய மேகம் சூட்டைத் தடுக்கிற அளவுக்கு அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. குளிர்ந்த காற்று எங்களைத் தாலாட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சூரியன் தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. உடம்பின் ஸ்பரிச உணர்ச்சியை நம்பி வெயிலை அளக்கலாகாது என்று நான் அறிந்தது பாடப்புத்தகத்தில் அன்று, அந்த இரவின் எரிச்சலில்.

அந்தக் கதிரிலும் இரண்டு வகை பூமியை வந்தடைகிறது. 280 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ‘பி’ வகை மேல்தோலோடு நின்று, சிவக்கவும் எரியவும் வைப்பது. உச்சிவேளையில் உக்கிரம், காலை மாலையில் தணிவு. 315 முதல் 400 வரையுள்ள ‘ஏ’ வகை, நம்மை வந்தடையும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவிகிதம். எரிச்சல் தராமலே அடித்தோல்வரை இறங்கி, தோலைத் தாங்கி நிற்கும் நார்களைத் தளர்த்துவது. காலையிலும் மாலையிலும்கூட ஓயாதது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வருவது. 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒரு மனிதரின் புகைப்படத்தை வெளியிட்டது. வயது 69, சரக்கு வண்டி ஓட்டியது 28 ஆண்டுகள். அவருடைய வலக்கன்னம் அவர் வயதுக்கு ஏற்றபடி இருக்க, வண்டியின் ஜன்னல் பக்கமாக இருந்த இடக்கன்னம் மட்டும் பத்திருபது வருஷம் முந்திக்கொண்டு மூப்படைந்து, தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்கியது. ஒரே முகத்தில் இரண்டு வயது. அந்தப் படத்தைப் பார்த்தது முதல் நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களின் வலக்கன்னத்தை, ஏறும்போது ஒரு கணம் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. இங்கே ஜன்னல் அந்தப் பக்கம்.

என் முகத்துக்கு அந்தச் சன்ஸ்க்ரீன் குழாய் வந்தது மங்கினால். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் நிழல்போல் விழுந்த மங்கு, மறைவதும் தோன்றுவதுமாக இருந்து, ஐம்பதைத் தாண்டியபின் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தோல் மருத்துவர் என்ன மருந்து தருவாரோ என்று போனேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டின் முதல் வரியிலேயே சன்ஸ்க்ரீன் இருந்தது. “மருந்து ராத்திரிக்கு, டீச்சர், ஆனா பகல்ல இதைப் பூசாம அதைப் பூசினா, ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் கொட்டின மாதிரி” என்றார். எவ்வளவு பூச வேண்டும் என்று கேட்டேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடுகளாகப் பிதுக்கிக் காட்டினார்; முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு. எனக்குத் திகைப்பாக இருந்தது. பௌடர் போலவும் சாந்து போலவும் துளியளவு தொட்டுப் பூசிப் பழகிய கைக்கு அது ஊதாரித்தனமாகத் தோன்றியது. முதல் நாள் அந்த அளவைப் பூசியபோது முகத்தின்மேல் இன்னொரு முகம் கவிந்ததுபோல் இருந்தது; நெற்றி வியர்வையோடு இறங்கிக் கண்ணோரத்தில் எரிந்தது; கண்ணாடியில் பார்த்தால், கூத்துக்கு அரிதாரம் பூசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய முகம். இவ்வளவு வெளுப்பு பாதுகாப்புக்குத் தேவைதானா, அல்லது வெளுப்பையே பாதுகாப்பு என்று விற்கிறார்களா என்ற சந்தேகம் அன்றே எனக்குள் விழுந்தது.

சந்தேகம் அடியோடு தவறில்லை. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு என்ற இரண்டு கனிமத் தூள்கள் கலந்த களிம்புகள் இயல்பிலேயே வெண்மையானவை; வெளுத்த தோலில் அது கண்ணுக்குத் தெரியாது, நம் தோலில் சாம்பலாக நிற்கும். இந்தப் பூச்சின் பூர்வ கதையிலேயே அந்த வெண்மைக்குக் காரணம் இருக்கிறது. ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய ரசாயன மாணவர் 1938-இல் பிஸ் புய்ன் என்ற பனிச்சிகரத்தில் ஏறும்போது முகம் வெந்துபோனார். அந்த அனுபவத்திலிருந்து 1946-இல் பனிமலை ஏறுகிறவர்களுக்கென ஒரு களிம்பைக் கொண்டுவந்தார். பனியிலே பிறந்தது அது. எவர் தோல் பனியில் வேகுமோ அவர் தோலுக்காகப் பிறந்தது. குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். என்ற எண்ணும் அந்தத் தோலிலேதான் அளக்கப்படுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, சூரியனின் புறஊதாக் கதிரை ஒத்த விளக்கின் ஒளியை விழவைத்து, பூசாத தோல் சிவக்க வேண்டிய அளவைப்போல் எத்தனை மடங்கு ஒளியில் பூசிய தோல் சிவக்கிறது என்று பார்ப்பது அந்தக் கணக்கு. 15 என்றால் ‘பி’ வகைக் கதிரில் ஏறத்தாழ 93 சதவிகிதமும், 30 என்றால் 97-ம், 50 என்றால் 98-ம் தடுக்கப்படுகிறது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போகும்போது விலை ஏறுகிற அளவுக்குக் காப்பு ஏறுவதில்லை. சொன்ன அளவில் பாதியைப் பூசுகிறவரின் முகத்தில் அட்டையில் உள்ள எண் இல்லவே இல்லை. அதனினும் சூக்ஷ்மமான விஷயம் ஒன்று: அந்த எண் சிவப்பதை அளக்கிறது. நம்மில் பெரும்பாலோர் தோல் கண்ணுக்குத் தெரியச் சிவப்பதே அரிது, அது கறுக்கிறது. கறுப்பதை அளக்க ஒரு வழி வேண்டும் என்று ஒரு முறையை ஏற்றுக் குறியீடாக்கியவர்கள் ஜப்பானியர்; 1996-இல் வந்த அந்தக் குறியீடுதான் குழாயில் ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளாக நிற்பது. எண்ணைப் பார்த்து வாங்கும் நாம், நமக்கு அதிகம் சம்பந்தப்பட்ட கூட்டல் குறிகளைப் பார்ப்பதில்லை.

1975 என்ற ஆண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், மனிதத் தோல் வெயிலுக்கு எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதைக்கொண்டு அதை வகைப்படுத்தினார். முதலில் அவர் வகுத்தவை வெளுத்த தோலின் நான்கு வகைகளே, பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாவதும் ஆறாவதும் பின்னால் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் இந்தியச் சந்தைக்கு ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020-இல்தான் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை அது நீக்கிக்கொண்டது. ஒரு பக்கம் அறிவுலகம் நம் தோலைக் கணக்கில் எடுக்கத் தாமதித்தது. மறுபக்கம் சந்தை அதைக் குறையென்று கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு நாளும் தாமதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, மருந்துக்கடைப் பலகையில் பூச்சுக் குழாயையும் வெளுப்புக் களிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவள், தான் எதற்காகக் கையை நீட்டுகிறோம் என்று தெளியாதிருப்பதில் ஆச்சரியம் என்ன? வெளுப்பதற்கென்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, வெயிலில் தலைகாட்ட முடியாமற்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தோல் பிடித்திருந்த குடையை அவர்களே பிடுங்கி எறியும்படி செய்துவிட்டது, எட்டு வயதில் காதில் விழுந்த ஒரு வாக்கியம்.

அப்படியானால் கறுத்த தோலுக்கு இந்தப் பூச்சு தேவைதானா? இந்தக் கேள்வியை நான் நேர்மையாகவே கேட்டுக்கொண்டேன். 1979-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு, கறுப்பின மக்களின் மேல்தோல் தன்னளவிலேயே ஏறத்தாழ 13 என்ற காப்பெண்ணுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3 என்ற எண்ணுக்கும் சமமான பாதுகாப்பைத் தருகிறது என்று கணித்தது. நம்முடையது இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். வெயிலால் வரும் தோல் புற்று நம்மிடையே அரிது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கி 1,621 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த புகழ்பெற்ற சோதனை, தினமும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்று ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்தது என்று காட்டியது. ஆனால் அவர்கள் வெளுத்த தோலினர், அந்தச் சதவிகிதத்தை அப்படியே எடுத்து நம் முகத்தில் ஒட்டிக்கொள்வது நியாயமாகாது. வெயில் உடம்பில் படாமல் வைட்டமின் டி குறைந்து எலும்பு நோவோடு வருகிற பெண்களும் நம் ஊரில் ஏராளம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், முற்றிலும் வேண்டாம் என்று சொல்ல என்னால் ஆகவில்லை. வெயில் வெள்ளையருக்குச் செய்வதும் நமக்குச் செய்வதும் வேறு. நமக்கு அது மங்கைத் தருகிறது. ஒரு பருவோ சிராய்ப்போ விட்டுச்சென்ற தழும்பை மாதக்கணக்கில் ஆறவிடாமல் கறுப்பாக வைத்திருக்கிறது. தோலின் நார்களைத் தளர்த்துவதில் நிறம் பார்ப்பதில்லை. வெண்புள்ளி படர்ந்தவருக்கும், பிறவியிலேயே நிறமியற்றவருக்கும், சில மருந்துகளை உட்கொள்பவருக்கும் அது அழகு சாதனமே அன்று, மருந்து. மங்கின் விஷயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு: புறஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியே நம்போன்ற தோலில் கருமையைத் தூண்டும், சாதாரணப் பூச்சுகள் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்து, தோல் நிறத்திலேயே சாயமேற்றிய பூச்சு தடுக்கிறது. இரும்பு ஆக்ஸைடு என்றால் வேறொன்றுமில்லை, செம்மண்ணுக்கும் காவிக்கும் நிறம் தருவது அதுதான். நம் தோலுக்கு ஏற்ற காப்பு வெண்மையில் இல்லை, மண்ணின் நிறத்தில் இருக்கிறது என்று அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமன்று. அன்று முதல் நான் வாங்குவது அதுவே: எண் முப்பதுக்குக் குறையாமல், கூட்டல் குறிகள் மூன்றுக்குக் குறையாமல், பூசியபின் என் முகம் என் முகமாகவே இருக்கக்கூடியது.

இவ்வளவு தெளிவுக்குப் பிறகும் ஒரு கலக்கம் மிச்சமிருக்கிறது. அது முகத்தைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. இரண்டு விரல் அளவு என்பது ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். ஐம்பது கிராம் குழாய், நாளுக்கு ஒரு தடவை பூசினால் நாற்பது நாள் வரும். வியர்வையில் கரையும் பூச்சை வெளியில் நிற்பவர்கள் இரண்டு மணிக்கொரு தரம் திரும்பப் பூச வேண்டும் என்பது விதி, அந்த விதிப்படி போனால் இரண்டு வாரம்கூட வராது. எங்கள் தெரு வழியாக விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகும் பெண்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி முகத்தில் பாதியை மறைத்து இறுக்கிய துண்டு, கையில் தூக்குவாளி. மேலே சூரியன், கீழே உப்பின் வெண்மை. இரண்டுக்கும் நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உப்பு வாருகிறவர்களுக்கு, வெயிலை அதிகம் தாங்குகிறவர்கள் என்ற நியாயத்தின்படி முதல் குழாய் போயிருக்க வேண்டும். அது குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டோடு போய் வெயில் ஏறுமுன் திரும்ப முயல்வதும், நெருக்கமாக நெய்த துணியால் மூடிக்கொள்வதும், எந்தப் பூச்சுக்கும் முந்திய, எந்தப் பூச்சையும்விட நம்பகமான காப்பு என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. பூச்சு, துணி மூட முடியாத இடத்துக்கு. வெயிலை அளக்கவும் அவர்களுக்குக் கருவி வேண்டியதில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரமெல்லாம் அந்தக் கதிர் உக்கிரமாக இருக்கும் நேரம் என்பது ஒரு திடமான விதி. தூத்துக்குடியில் ஆண்டின் பெரும்பகுதி அது ஏறத்தாழ ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை. சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது; நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஒரு குழந்தைக்குக் குழாயைக் கொடுக்குமுன் கொடுக்க வேண்டியது இந்த அறிவு. தன் நிழலைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை எந்தப் பருவத்திலும் எந்த ஊரிலும் வெயிலை அறிந்துகொள்ளும். பிள்ளைகளின் ஒத்திகையை முற்பகலில் வைக்காமல் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளப் பள்ளிக்கூடங்களுக்கும் அதைவிட வேறு சாஸ்திரம் வேண்டியதில்லை.

கறுத்தால் என்ன என்று கேட்டவள் இப்போது அதை மறந்திருப்பாள். பிள்ளைகள் கேள்வியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், சுமப்பவர்கள் நாம். அவளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், மாடிக்கு அழைத்துப்போய் முதலில் அவள் நிழலைக் காட்டப்போகிறேன். பிறகு சொல்லப்போகிறேன்: கறுத்தால் ஒன்றுமில்லை கண்ணு, உன் தோலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் குடைகள் இருக்கின்றன, வெயில் அதிகமானால் அவை அதிகமாக விரியும், அதைத்தான் கறுப்பது என்கிறோம், நாள் முழுவதும் பிடித்து அவை களைத்துவிடாமல் இருக்க, துணியாலும் தொப்பியாலும் இந்தக் களிம்பாலும் நாமும் கொஞ்சம் கைகொடுக்கிறோம், அவ்வளவுதான். இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்திருக்கிறது. முப்பத்துநான்கு ஆண்டுகள் அதைப் பாடமாகச் சொல்லியும், வீட்டில் சொல்லத் தவறியிருக்கிறேன். இதை வாசிக்கிற தாய்மாரிடமும் ஆச்சிமாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளையின் முகத்துக்குப் பூச்சு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் குடையைக் கொடுங்கள், தலைக்கு ஒரு துண்டையாவது கட்டிவிடுங்கள். ஆனால் கட்டும்போது கறுத்துப்போவாய் என்று சொல்லாதீர்கள். வெயில் உனக்கு நோவு தரும் என்று சொல்லுங்கள். அது உண்மை.